வெட்கம் மருத்துவத்திற்குத் தடையாகலாமா?

இருமும்போதும் ருகூஃவில் குனியும்போதும் சிறுநீர் கசிவதால், தொழுகை கூடிற்றா என்ற கவலையோடு நம் தாய்மார் பலர் வாழ்கின்றனர். வெளியே சொல்ல வெட்கப்படுகின்றனர். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்க, இந்த மௌனம் ஏன்?

முதலில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை 3 மாதங்களேனும் செய்ய வேண்டும். பலனில்லையேல் அறுவைச் சிகிச்சை உண்டு. சிறுநீர் வெளியேறும் குழாயின் அடியில் செயற்கை வலைநாடா பொருத்துவது ஒரு முறை. நோயாளியின் சொந்தத் திசுவையே தாங்கியாக அமைப்பது மற்றொன்று. வலைநாடாவால் சிலருக்குத் தீரா வலி நேர்ந்ததால், இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை 2018இல் அதன் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. ஆகவே நன்மை தீமைகளைக் கேட்டறிந்தே முடிவெடுத்தல் நலம்.

நாணம் ஈமானைச் சேர்ந்ததே. எனினும் நோயை மறைக்க அது காரணமாகாது. தாயைப் பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம் கடமை.