சான்றிதழ் ஆயுள் முழுக்க, பூட்டு எத்தனை நாளைக்கு?

பேரையூர் தாலுகாவில் ஒரு மாணவிக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால், குடும்பம் முதலில் போவது இ-சேவை மையத்துக்கு. ஆதாரும் ரேஷன் கார்டும் பெற்றோரின் பழைய சான்றிதழ்களும் ஸ்கேன் ஆகி அரசின் சர்வருக்குப் போகின்றன. அதிகாரியின் மின் கையொப்பத்தோடு திரும்பி வரும் சான்றிதழ் அவளுடைய வாழ்நாள் முழுக்கச் செல்லும்.

அதைக் காக்கும் கணக்குக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

ஆர்.எஸ்.ஏ. போன்ற பூட்டுகளும் கையொப்பங்களும் பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது கடினம் என்பதை நம்பி நிற்பவை. போதிய திறனுள்ள குவாண்டம் கணினி வந்தால் அந்தக் கடினம் கரைந்துவிடும் என்று பீட்டர் ஷோர் 1994-இலேயே காட்டினார். அப்படிப்பட்ட கணினி இன்னும் வரவில்லை, உண்மைதான். ஆனால் இன்று கம்பியில் ஓடும் தகவலைப் பிடித்துச் சேமித்து வைப்பவர் அதுவரை பொறுத்திருக்கலாம். ஆதார் எண்ணை ஏ.டி.எம். பின் போல மாற்றிக்கொள்ள முடியுமா? கைரேகையை?

மாற்றுப் பூட்டு தயாராகவே இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், குவாண்டம் கணினிக்கும் தாக்குப்பிடிக்கும் மூன்று புதிய தரங்களை வெளியிட்டது. க்ரோம் ப்ரௌசர் அதே ஆண்டு, பழைய முறையையும் புதிய முறையையும் இணைத்த பூட்டை கணினிகளில் இயல்பாகவே இயக்கத் தொடங்கியது. அதாவது, இ-சேவை மையத்துக் கணினியில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கக்கூடும். மறுமுனையில் சர்வர் ஒத்துழைக்க வேண்டும்.

இரண்டையும் இணைப்பது ஏன்? புதிய கணக்கும் தவறலாம். நிஸ்டின் பரிசீலனையில் இருந்த சைக் என்ற முறையை 2022-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் சாதாரண கணினியில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். ஒன்று போனாலும் மற்றொன்று காக்க வேண்டும்.

கையொப்பத்தை மாற்றுவதுதான் கடினம். இன்றைய ஆர்.எஸ்.ஏ.-2048 கையொப்பம் 256 பைட், நிஸ்டின் புதிய கையொப்பத் தரமான எம்.எல்.-டி.எஸ்.ஏ.வின் மிகச் சிறிய வடிவமே 2,420 பைட். படிவம், சேமிப்பு, சரிபார்க்கும் மென்பொருள் என எல்லாவற்றையும் தொட வேண்டியிருக்கும். அதற்கு ஆண்டுகள் பிடிக்கும் என்பதால்தான் இப்போதே தொடங்கச் சொல்கிறோம்.

2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ₹6,003.65 கோடி ஒதுக்கியது. அதன் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. வரவேற்க வேண்டியதே. ஆனால் அத்தகைய மையம் முன்னெடுக்கும் குவாண்டம் சாவிப் பரிமாற்றத்துக்குத் தனிக் கருவிகள் வேண்டும். ஊர்தோறும் இ-சேவை மேசைக்கு அது வந்து சேராது. மென்பொருளைப் புதுப்பித்தால் கிடைக்கும் பூட்டு வந்து சேரும்.

எனவே தமிழக அரசு எந்தத் துறையில் எந்தக் குறியாக்கம் ஓடுகிறது என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். இனி விடும் ஒவ்வொரு நெட்வொர்க், மென்பொருள் டெண்டரிலும் புதிய தரங்களை நிபந்தனையாக்க வேண்டும். ஆயுள் முழுக்கச் செல்லும் சான்றிதழ்களும் பத்திரப்பதிவு ஆவணங்களும் வரிசையில் முதலில் நிற்கட்டும். அதற்கான தேதியை அரசாணையாகவே அறிவிக்கட்டும்.