மறுகால் பாயும் மின்சாரம்

நுழையும்முன்

மின்சாரம் தொலைவிலுள்ள நிலையத்திலிருந்து மட்டுமே வந்த காலம் மாறிவிட்டது. இன்று அது வீட்டுக் கூரையிலும் விளைகிறது. சிதறி விளையும் அம்மின்சாரத்தை ஒருங்கிணைக்க வேண்டியதன் தேவையை எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் எனப் பரந்து கிடக்கும் கரிசல்காடு, வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையே அதன் உயிர்நாடி. அம்மழைநீரைத் தேக்க முன்னோர் கண்மாய்களைத் தொடராக அமைத்தனர். மேலூர்க் கண்மாய் நிரம்பினால், நீர் மறுகால் பாய்ந்து கீழூர்க் கண்மாயை அடையும். ஊருக்கொரு கண்மாய் உண்டு. ஆயினும் எந்தக் கண்மாயும் தனித்து நிற்பதில்லை. மின்சாரத்திற்கும் இவ்வறிவே இன்று வேண்டப்படுகிறது.

ஒற்றை வலையின் வலிமையும் இடரும்

மின்தொகுப்பில் உற்பத்தியும் நுகர்வும் நொடிதோறும் ஒத்திருத்தல் வேண்டும். நுகர்வு மிகுந்தால் 50 ஹெர்ட்ஸ் என்னும் அதிர்வெண் தாழும். உற்பத்தி மிகுந்தால் உயரும். எல்லை கடந்தால், மின்நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒன்றன்பின் ஒன்றாக விலகிவிடும். 2012 ஜூலை 30, 31 ஆகிய நாள்களில் மிகைச்சுமையால் ஒரு மின்தடம் விலக, அதன் சுமையைத் தாங்காது பிற தடங்களும் விலகின. இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரம் இழந்தன. ஒத்த அதிர்வெண்ணில் அப்போது இணைக்கப்படாதிருந்த தென்னகம் தப்பியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் மின்தடத்தின் வழியே தென்னகமும் அவ்வலையில் இணைந்தது. பற்றாக்குறையின்போது பிற மாநிலங்களின் மின்சாரத்தைப் பெற இவ்விணைப்பு உதவுகிறது. அவர்தம் இடரிலும் நம்மைப் பங்குகொள்ள வைக்கிறது.

ஊர்தோறும் ஒரு சிறுதொகுப்பு

சூரிய மின்தகடுகள், மின்கல அடுக்குகள், கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றைக் கொண்டு ஓர் ஊரின் தேவையை நிறைவு செய்யும் அமைப்பே குறுமின்தொகுப்பு. பொதுவாக, மின்தடையின்போது கூரைத் தகடுகளும் மின்சாரம் வழங்குவதை நிறுத்திவிடுகின்றன. பழுதுநீக்கும் பணியாளர்மீது மின்சாரம் பாயாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆகவே, தகடு பொருத்திய வீட்டிலும் நண்பகல் வெயிலில் மின்விசிறி சுழலாது. குறுமின்தொகுப்போ, பெருந்தொகுப்பிலிருந்து முறையாகத் துண்டித்துக்கொண்டு, ஊரின் குடிநீர் மோட்டாரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் இயக்கவல்லது.

இத்தகைய பல தொகுப்புகளை ஒருங்கிணைத்தால் பயன் பெருகும். கயத்தாற்றுப் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் காற்றாலைகள் விரைந்து சுழலும். சூரிய மின்சாரம் பகலில் மட்டுமே கிடைக்கும். வீடுகளின் தேவையோ மாலையில் உயரும். இவ்விடைவெளியை மின்கல அடுக்குகள் நிரப்பும். பெருந்தொகுப்பின் அதிர்வெண் தாழும்போது பல ஊர்கள் சிறிது சிறிதாக மின்சாரம் வழங்கினால், அது பெருந்துணையாகும். ஒருங்கிணைப்பு இன்றி எல்லா ஊர்களும் ஒரே வேளையில் மின்சாரத்தைச் செலுத்தினால், அதுவே சுமையாகும்.

பயனும் உரிமையும்

பீகாரின் தர்னை என்னும் சிற்றூரில் 2014இல் 100 கிலோவாட் திறனுடைய சூரியக் குறுமின்தொகுப்பு தொடங்கப்பட்டது. மலிவான அரசு மின்சாரம் வந்தபின் அது கைவிடப்பட்டது. இரண்டும் இணைந்திருந்தால், மிகுதியை விற்று அது நிலைத்திருக்கக்கூடும். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, 2006இல் 350 கிலோவாட் காற்றாலையை நிறுவி, மிகுந்த மின்சாரத்தை மின்வாரியத்திற்கு விற்றது. சிற்றூரும் மின்சாரம் விற்கலாம் என்பதற்கு அது சான்று.

மின்கல அடுக்குகளின் விலையை ஊராட்சிகள் தாங்க இயலாது என்பர் சிலர். அவ்விலையை ஊர் மட்டுமே சுமக்க வேண்டியதில்லை. பெருந்தொகுப்பும் பயன் பெறுவதால், அரசும் பங்கேற்பதே முறை. வழங்கிய மின்சாரத்திற்கு மட்டுமன்றி, வேண்டும்போது வழங்க ஆயத்தமாய் இருந்தமைக்கும் விலை தருதல் வேண்டும். கரிசல் மண்ணில் காற்றாலைகளும் சூரிய மின்நிலையங்களும் பெருகிவருகின்றன. அவற்றுக்கு நிலம் தந்த ஊர்கள் வேடிக்கை பார்த்து நிற்றல் தகாது. நாட்டின் மின்தொகுப்பைத் தாங்கும் பணியிலும், அதனால் வரும் வருவாயிலும் அவ்வூர்களுக்குப் பங்களிப்பதே நீதியாகும்.