கொப்பி கொடுக்கும் கையும் கடன் கேட்கும் கையும்

2009 இல் போர் முடிந்த பின்னர் வடக்கு கிழக்கில் கிளை திறந்த நிதி நிறுவனங்கள் பல, ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஏதாவதொரு பாடசாலைக்கு வருகின்றன. நிறுவனத்தின் பெயர் பொறித்த ரீசேட்டுடன் ஊழியர்கள் வரிசையாக நிற்பார்கள். பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பிகள் வழங்கப்படும். அந்தப் படங்கள் ஆண்டறிக்கையில் 'கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு' என்ற தலைப்பின் கீழ் இடம்பிடிக்கும். அதே ஊழியர்களில் சிலர்தான் மற்றைய நாட்களில் மோட்டார் சைக்கிளில் வந்து, அந்தப் பிள்ளைகளின் தாய்மாரிடம் கிழமைத் தவணையைக் கேட்கிறார்கள்.

இந்த ஊழியர்கள் கொப்பி கொடுக்க மனம் விரும்பி வருகிறார்களா, அல்லது முகாமையாளர் சொன்னதற்காக வருகிறார்களா? சிறிய கேள்வி போலத் தெரியலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு உண்மையா, வெறும் விளம்பரமா என்பதை அறிய இதைவிட நல்ல அளவுகோல் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

நுண்கடன் எங்கள் பெண்களுக்கு என்ன செய்தது என்பது மறைவான கதையல்ல. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் ஆண்டு வட்டி 220 வீதம் வரை செல்வதையும், வசூலிக்க வருவோர் சிலர் பெண்களிடம் பாலியல் இலஞ்சம் கோருவதையும் பதிவு செய்தார். அதே ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நிலுவைக் கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. டிசம்பரில் மத்திய வங்கி, தன்னிடம் அனுமதி பெற்ற நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு விதித்தது.

இவற்றில் எதுவும் வசூலிக்கும் இளைஞனின் நிலையைப் பேசவில்லை. வன்னியில் நான் பேசிய வசூல் உத்தியோகத்தர்களில் பலர் அதே கிராமங்களில் வளர்ந்தவர்கள், போரில் உறவுகளை இழந்தவர்கள். மாத இலக்கை எட்டினால்தான் அவர்களுக்கு ஊக்கத்தொகை கிடைக்கும். எட்டாதவர் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நிற்க வேண்டும். இந்த வாரம் அந்தக் குடும்பத்தால் கட்ட முடியாது என்று உண்மையைச் சொன்னால், அது அவரின் திறமைக் குறைவாகவே கணிக்கப்படும்.

2005 இல் மைக்கல் பிரவுண், லிண்டா ட்ரெவினோ, டேவிட் ஹரிசன் ஆகிய ஆய்வாளர்கள் அறநெறித் தலைமைத்துவத்திற்கு ஒரு வரையறை தந்தார்கள். தலைவர் தானே நேர்மையாக நடக்க வேண்டும். அத்துடன் ஊழியரின் பேச்சைக் கேட்டும், எதைப் பாராட்டுவது, எதைத் தண்டிப்பது என்ற முடிவுகள் மூலமும் அந்த நேர்மையை நிறுவனத்துக்குள் வளர்க்க வேண்டும். ஊழியர்கள் தலைவரைப் பார்த்தே பழகுகிறார்கள் என்பதுதான் இதன் அடிப்படை. இலக்குக் கூட்டத்தில் எதற்குப் பாராட்டு கிடைக்கிறதோ, அதுவே நிறுவனத்தின் உண்மையான விழுமியம் என்று அவர்கள் விளங்கிக்கொள்கிறார்கள். பாடசாலை மேடையில் பேசப்படும் கருணைப் பேச்சு அதன் முன் எடுபடாது.

அப்படிப்பட்ட கிளையில் கொப்பி வழங்குவதும் இன்னொரு கடமையாகிவிடும். வராதவரின் பெயர் குறிக்கப்படும், வந்தவர் படத்துக்கு நிற்பார். மாறாக, பொழுதுபட்ட பின் எந்த வீட்டுக்கும் போகக்கூடாது என்று கட்டளையிட்டு, அதை மீறியவர் எவ்வளவு வசூலித்திருந்தாலும் கண்டிக்கும் முகாமையாளரை எண்ணிப் பாருங்கள். தவணையைத் தள்ளிவைக்கப் பரிந்துரைத்த ஊழியரை அவர் தண்டிக்கமாட்டார். அவருக்குக் கீழே வேலை செய்பவர் ஊருக்குள் தலைநிமிர்ந்து போகலாம். கிணறு இறைக்கவோ இரத்ததானத்துக்கோ அவரை யாரும் கட்டாயப்படுத்த வேண்டியிருக்காது.

கிளை முகாமையாளருக்கு அவ்வளவு அதிகாரம் இல்லை, இலக்கைத் தீர்மானிப்பது கொழும்பு என்று சொல்லலாம். அது உண்மை. ஆகவேதான் அறநெறித் தலைமைத்துவத்தை ஒரு நல்ல மனிதரின் குணமாக மட்டும் பார்க்க முடியாது. அது பணிப்பாளர் சபையில், ஊக்கத்தொகைக் கணக்கில் தொடங்க வேண்டும். இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டம் கூறுகிறது. அப்படியொரு சட்டம் இங்கு வந்தாலும் கொப்பிகளின் எண்ணிக்கைதான் கூடும். வசூலிக்கும் முறை அதனால் மாறப்போவதில்லை.

எனவே அடுத்த முறை ஒரு நிதி நிறுவனம் உதவியுடன் வரும்போது, அதிபர்களும் மாதர் சங்கங்களும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்த ஊரில் உங்கள் கடனின் உண்மையான ஆண்டு வட்டி எவ்வளவு? உங்கள் உத்தியோகத்தருக்கு எதிராக ஒரு பெண் யாரிடம், தமிழில், முறையிடலாம்? கட்ட முடியாத குடும்பத்துக்காகப் பேசும் ஊழியருக்கு உங்கள் நிறுவனத்தில் என்ன நடக்கும்?

மூன்றாவது கேள்விக்கு முகாமையாளர் பதில் சொல்லும்போது, பின்னால் ரீசேட்டுடன் நிற்கும் இளைஞர்களின் முகத்தையும் பாருங்கள். அந்தப் பதில் உண்மையா என்பது அவர்களுக்குத் தெரியும்.