மூன்று கட்டமும் போதாது

திருச்செங்கோட்டு மலைமேல் மூலவர் அர்த்தநாரீஸ்வரருக்கு வலப்பாதியில் வேட்டி, இடப்பாதியில் சேலை. சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படியேறி வந்து கும்பிடுகிற சாமி. அந்தக் கோலம் யாரையும் உறுத்துவதில்லை. மலையிறங்கி ஒரு அரசுப் படிவத்தைக் கையில் எடுத்தால்தான் சிக்கல். சேலத்துத் திருநங்கை பிரித்திகா யாஷினி எஸ்.ஐ. வேலைக்கு விண்ணப்பித்தபோது ஆண், பெண் என்று இரண்டே கட்டம், மனுவைத் தள்ளிவிட்டார்கள். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2017இல் தருமபுரியில் பணியில் சேர்ந்தார்.

அவராவது தன்னைப் பெண் என்று தெளிவாகச் சொன்னவர். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, நடுவிலும் இல்லை, அந்தக் கணக்கே எனக்கு ஒட்டவில்லை என்பவர் எங்கே போவார்? அர்த்தநாரீஸ்வரரும் கைகொடுக்க மாட்டார். அவரிடம் இருப்பது இரண்டு பால், பாலின்மை அல்ல. உச்ச நீதிமன்றத்தின் 2014 நால்சா தீர்ப்பு, பாலின அடையாளத்தை அவரவரே முடிவு செய்யலாம் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் தேர்வுக்கு அது வைத்ததும் ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்ற மூன்றைத்தான்.

நாலாவது கட்டம் போடச் சொல்லவில்லை. பாலினம் கேட்கும் இடங்களைக் குறைக்கச் சொல்கிறேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் திருநங்கையருக்கும் இலவசம், அங்கே கண்டக்டருக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரி கேட்கட்டும், இட ஒதுக்கீட்டுக்கும் கேட்கட்டும். நூலகத்தில் புத்தகம் எடுக்கவும் சிம் கார்டு வாங்கவும் அது எதற்கு?