முதலில் தாய்ப்பலகை, பிறகு செயலி

நம் வீடுகளில் கணினி வாங்குவது இன்னமும் ஒரு குடும்ப முடிவாகவே இருந்து வருகிறது. கைப்பேசியும் மடிக்கணினியும் பெருகிவிட்ட போதிலும், பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்காகவும் சிறுதொழில் கணக்கு வழக்குகளுக்காகவும் வீட்டில் ஒரு மேசைக்கணினி இருக்க வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர். அதற்கென அவர்கள் ஒதுக்கும் 1,500 ரிங்கிட்டோ 2,000 ரிங்கிட்டோ எளிதாகச் சேர்ந்த பணம் அன்று. அந்தப் பணத்தைச் செலவிடும் முறை குறித்து எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. செயலியின் பெயரைப் பார்த்துக் கணினி வாங்கும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். முதலில் தாய்ப்பலகையை முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பொருத்தமான செயலியைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.

கடைக்குச் செல்லும் பெற்றோர் பலருக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் ஐ3, ஐ5, ஐ7 என்ற வரிசைதான். மூன்றைவிட ஏழு பெரியது, ஆகவே ஏழுதான் சிறந்தது என்று நினைக்கிறார்கள். எங்கள் தாமானில் வசிக்கும் மாமா ஒருவர், இடைநிலைப்பள்ளியில் பயிலும் தம் மகளுக்காக ஒரு 'ஐ7' கணினியை வாங்கி வந்தார். விற்றவர் சொன்னது பொய்யில்லை. உள்ளே இருந்தது ஐ7-2600. ஆனால், அது 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த செயலி என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. 2022-இல் வந்த ஐ3-12100 செயலிக்கும் அதே போல 4 கருக்களே உள்ளன. எனினும் வேகத்தில் அந்தப் பழைய ஐ7-ஐ வெகுவாக மிஞ்சிவிடுகிறது. அது மட்டுமல்ல. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலிலோ இந்தப் பழைய ஐ7 இல்லை. கோடிட்ட இடத்துக்குப் பின்வரும் எண்ணைப் பார்த்தாலே உண்மை விளங்கிவிடும். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை.

சரி, தாய்ப்பலகைக்கு ஏன் முதலிடம்? எந்தச் செயலியைப் பொருத்தலாம், எந்த வகை நினைவகத்தைச் செருகலாம், நாளை எதை மாற்றலாம் என்பனவற்றையெல்லாம் தீர்மானிப்பது அதுதான். 2017-இல் முதல் ரைசன் செயலியோடு ஏஎம்4 தாய்ப்பலகை வாங்கியவர்களில் பலர், பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, 2022-இல் வெளிவந்த செயலியை அதே பலகையில் பொருத்திக்கொண்டனர். இன்டெல்லின் எல்ஜிஏ1700 பலகையோ 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளை ஏற்றது. 2024 அக்டோபரில் வந்த அடுத்த வரிசைக்குப் பலகையையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே, பலகையில் உள்ள சாக்கெட்டுக்கு இன்னும் எவ்வளவு காலம் வாழ்வு இருக்கிறது என்று கேட்பது குறைந்த பணத்தில் வாங்குபவருக்குத்தான் மிகவும் அவசியம்.

என் கணக்கில் இரண்டு வழிகள் உள்ளன. பாடவேலை, இணையம், காணொளி ஆகியவற்றோடு நின்றுவிடும் வீடு என்றால், ஏஎம்4 பலகையில் ரைசன் 5 5600ஜி, அல்லது எச்610 பலகையில் ஐ3-12100 போதும். இவை வளர்ச்சி முடிந்த பாதைகள்தாம். ஆனால், தேவையும் அங்கே முடிந்துவிடுகிறது. பிள்ளை நாளை பொறியியலோ வடிவமைப்போ படிக்கக்கூடும் என்றால், செயலியில் சிக்கனம் பிடித்து, பணத்தை ஏஎம்5 பலகையில் போடுவதே அறிவுடைமை. 2022-இல் அறிமுகமான அந்தச் சாக்கெட்டிலேயே 2024-இன் ரைசன் 9000 வரிசையும் பொருந்துகிறது.

இதில் கவனிக்க வேண்டிய சில நுணுக்கங்கள் உண்டு. 5600ஜி செயலியில் வரைகலை வசதி உள்ளேயே இருக்கிறது. 'ஜி' இல்லாத 5600-இல் இல்லை. இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என்று முடிந்தாலும் இதே நிலைதான். தனி வரைகலை அட்டை வாங்காமல் இவற்றைப் பொருத்தினால் திரையில் ஒன்றும் தெரியாது. அடுத்து, ஏஎம்4 பலகை டிடிஆர்4 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். ஏஎம்5 டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கும். எல்ஜிஏ1700 பலகைகளில் இரு வகையும் உண்டு. ஒன்று மற்றொன்றில் செருகாது. 2025 இறுதியில் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியதை நாம் கண்டோம். ஆகவே, வீட்டில் பழைய டிடிஆர்4 துண்டுகள் இருந்தால் அவற்றுக்கேற்ற பலகையை வாங்குவதே பெரிய மிச்சம். புதிதாக வாங்கினாலும் 16 ஜிபி ஒரே துண்டைவிட 8 ஜிபி துண்டுகள் இரண்டு மேல். உள்ளமைந்த வரைகலை அந்த நினைவகத்தையே பகிர்ந்துகொள்வதால் இரண்டு பாதைகள் இருப்பது அதற்கு நன்மை. பலகையில் மின்னும் வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தைத் தரமான பவர் சப்ளைக்குக் கொடுக்கலாம்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? ஒரு மடிக்கணினி வாங்கிவிட்டால் போயிற்று" என்று சிலர் கேட்கலாம். வளாகத்தில் தங்கிப் படிக்கும் நமக்கு அது சரிதான். ஆனால், பல மடிக்கணினிகளில் செயலி பலகையோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. நினைவகமும் அப்படியே இருப்பதுண்டு. ஒன்று பழுதானால் முழுச் செலவு. மேசைக்கணினியிலோ கெட்டதை மட்டும் மாற்றலாம்; வசதி வரும்போது ஒவ்வொன்றாகக் கூட்டலாம். மாதச் சம்பளத்தை எண்ணி வாழும் குடும்பத்துக்கு இந்த வசதி சிறிதன்று.

இதையெல்லாம் தமிழ் மொழிக் கழகத்தின் இதழில் எழுத வேண்டுமா என்றும் கேட்கலாம். இங்கேதான் எழுத வேண்டும் என்பேன். இன்டெல்லும் ஏஎம்டியும் 1972-ஆம் ஆண்டிலேயே பினாங்கில் ஆலை அமைத்தன. செயலிகளின் முதுகில் நம் நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டு உலகெங்கும் போய்க்கொண்டிருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு தமிழ்த் தாய் கடையில் நின்று, "இந்தப் பலகையில் நாளைக்கு வேறு செயலி போட முடியுமா?" என்று கேட்க முடியாமல் திகைக்கிறார் என்றால், அவருக்கு அறிவு போதவில்லை என்று பொருளாகாது. விளக்கிச் சொல்ல வேண்டிய நாம் சொல்லவில்லை என்பதே பொருள். கணினியியலும் மின்னியலும் படித்த மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விரிவுரையில் ஆங்கிலத்தில் கேட்டதை அம்மாவுக்குப் புரியும் தமிழில் சொல்ல நாம் பழகிக்கொள்ள வேண்டும்.

அடுத்த பருவ விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, கணினி வாங்க நினைக்கும் ஒரு குடும்பத்தோடு நீங்களும் கடைக்குச் செல்லுங்கள். சாக்கெட் எது, நினைவகம் எந்த வகை, செயலி எந்த ஆண்டினது என்ற மூன்று கேள்விகளையும் அவர்களையே கேட்கச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.