கணக்குக்கு விசா கேட்காதீங்க

பூண்டுலோயா டவுனிலிருந்து தோட்டங்களுக்குப் போகிற ரோடுகளை ஒரு தாளில் கீறிப் பாருங்கள். ஒரே ரோட்டில் இரண்டு தரம் போகாமல் எல்லா ரோட்டையும் சுற்றி முடிக்கலாமா? லயத்தோடு முடிந்துபோகிற ரோடு மூன்று இருந்தாலே முடியாது. காரணம், 1736இல் ஆய்லர் சொன்னதுதான்: ஒற்றை எண்ணிக்கையில் ரோடு சேருகிற இடங்கள் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. கிராஃப் தியரி பிறந்தது இப்படியொரு கேள்வியில்தான்.

இதற்கு ஆய்வுகூடம் வேண்டாம்; தாளும் பென்சிலும் போதும். ஆனால் இதைப் பேசுகிற மாநாடுகளுக்குப் போக விமான டிக்கெட், விசா, பதிவுக் கட்டணம் எல்லாம் வேண்டும். கொழுந்து எடுக்கிற சம்பளத்தில் அது நடக்கிற காரியமா?

வேறு வழி இருக்கிறது. 2022இல் ரஷ்யாவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாடு, உக்ரைன் போரால் இணையத்துக்கு மாறியது. கட்டணமே இல்லை. அந்த வருடம் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர்களில் ஒருவர் ஜூன் ஹு. கவிதை எழுதவென்று பள்ளிக்கூடத்தை விட்டவர். பதக்கம் கிடைத்ததோ சேர்வியலில் செய்த வேலைக்கு. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அடுத்த மாநாடு 2026 ஜூலையில், பிலடெல்பியாவில். போர் வந்தால் திறக்க முடிகிற கதவை, போர் இல்லாதபோதும் திறந்து வைக்கலாமே என்பதுதான் எங்கள் வாதம். பெரிதோ சிறிதோ, எந்த மாநாடும் இணையத்தில் இலவச இடம் ஒதுக்கட்டும். நம் பல்கலைக்கழகங்கள் அந்த அமர்வுகளை மலையகப் பாடசாலைகளில் திரையிட்டு, தமிழில் விளக்கட்டும்.

"நம்ம புள்ளைகளுக்கு கணக்கு ஏறாது" என்று சொல்வதற்கு முன்னால், அந்தப் பிள்ளைகளிடம் ரோட்டுக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.