மனநோயா? வாடகை நோயா?

கொரோனா கொள்ளைநோய் தலைவிரித்தாடிய 2020, 2021 ஆண்டுகளில், அமெரிக்காவின் ஏழைத் தாய்மார்களுக்கு ஒரு உபதேசம் ஓயாமல் ஓதப்பட்டது. கவலை வந்தால் மூச்சை ஆழ இழுத்து விட வேண்டுமாம். மனத்திடத்தை வளர்த்துக் கொள்ள வேண்டுமாம். தினமும் தனக்கென்று பத்து நிமிஷம் ஒதுக்க வேண்டுமாம்.

பத்து நிமிஷம்! யாரிடம் இருந்தது அந்தப் பத்து நிமிஷம்?

மெக்ஸிகோ, குவாதமாலா, எல் சால்வடார் முதலிய நாடுகளிலிருந்து பிழைக்கப் போன லத்தீன் இனத் தாயைப் பாருங்கள். ஹோட்டல் அறைகளைக் கூட்டிப் பெருக்குகிறவள் அவள். பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்குச் சோறூட்டுகிறவள் அவள். கலிபோர்னியா வயல்களில் நாள் முழுவதும் முதுகு வளைத்து ஸ்ட்ராபெர்ரி பறிக்கிறவள் அவள். இறைச்சி ஆலையில் ஈரத் தரையில் நின்று கோழி அறுக்கிறவள் அவள். உலகத்திலேயே பெரிய பணக்கார நாடு என்று மார்தட்டும் அந்த நாட்டில், மத்திய சட்டம் வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-க்குப் பிறகு அதில் ஒரு சென்ட் கூட ஏறவில்லை.

2020 ஏப்ரலில், உழைக்கும் லத்தீன் பெண்களில் ஐந்து பேருக்கு ஒருவர் வேலையற்று நின்றார். வேலை மிஞ்சியவர்களுக்கோ "அத்தியாவசியத் தொழிலாளி" என்ற பட்டம் கிடைத்தது. பட்டம் கிடைத்தது, பாதுகாப்பு கிடைக்கவில்லை. இறைச்சி ஆலைகளில் தொழிலாளர் கூட்டம் கூட்டமாக நோயில் விழுந்து கொண்டிருந்தபோது, ஆலைகள் மூடக்கூடாது என்று ஏப்ரல் 28-ல் ஜனாதிபதி டிரம்ப் உத்தரவு போட்டார். சம்பளத்துடன் நோய் விடுப்பு தரும் சட்டம் ஒன்று வந்தது. 500 பேருக்குக் குறையாமல் வேலை வாங்கும் பெரிய கம்பெனிகளுக்கு அதிலிருந்து விலக்கு! யாரால் கொடுக்க முடியுமோ, அவர்களை விட்டுவிட்டார்கள்.

பள்ளிக்கூடங்களும் மூடின. மாணவர்களில் பெரும்பாலோர் லத்தீன் பிள்ளைகளாயுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 2021 ஏப்ரலில்தான் திறக்கத் தொடங்கின. வேலைக்குப் போனால் பிள்ளை தனியே. போகாவிட்டால் வாடகை பாக்கி. போனாலோ நோயை வீட்டுக்குக் கொண்டு வரும் பயம். 2019-க்கும் 2021-க்கும் இடையில் அந்நாட்டு லத்தீன் மக்களின் சராசரி ஆயுள் சுமார் 4 ஆண்டுகள் குறைந்துவிட்டது. அவள் பயம் வெறும் பிரமையா?

தூக்கம் வராது. நெஞ்சு படபடக்கும். காரணமில்லாமல் பிள்ளையை அடித்துவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுவாள். இதை அம்மக்கள் 'நெர்வியோஸ்' என்பார்கள். நரம்பு தளர்ந்துவிட்டது என்று பொருள். தளர்த்தியது யார்?

நிவாரணத்திலும் வஞ்சனை

2020 மார்ச் 27-ல் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. பெரியவருக்கு 1,200 டாலர், குழந்தைக்கு 500 டாலர். ஆனால் தாயிடம் சமூகப் பாதுகாப்பு எண் இல்லையென்றால் அவளுக்கு ஒன்றுமில்லை. அவள் தனியே வளர்க்கும் பிள்ளை அமெரிக்க மண்ணிலேயே பிறந்து குடியுரிமை பெற்றிருந்தாலும், அந்தப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை! வேலையில்லாக் காலப் படியும் அவளுக்கு இல்லை. வரி வாங்கும்போது மட்டும் இந்தக் குறுக்குக் கேள்வி கிடையாது. எண் இல்லாதவர் வரி கட்டுவதற்கென்றே வேறொரு எண் கொடுத்து வாங்கிக் கொள்கிறது சர்க்கார்!

அதே 2020 பிப்ரவரியில் இன்னொரு விதி அமுலுக்கு வந்திருந்தது. உணவு உதவி, மருத்துவ உதவி பெற்ற அந்நியருக்கு நிரந்தரக் குடியிருப்பு உரிமை மறுக்கலாம் என்றது அது. 2021 மார்ச்சில் அதை எடுத்தார்கள். ஆனால் அதற்குள், நியாயமாகத் தங்கள் பிள்ளைக்குச் சேர வேண்டிய உதவியைக் கூடக் கேட்கப் பயந்து ஒதுங்கிய தாய்மார் அநேகர்.

இது கைதவறி நேர்ந்ததா? இல்லை. 1935-ல் ஓய்வூதியச் சட்டமும் தொழிற்சங்க உரிமைச் சட்டமும், 1938-ல் கூலிச் சட்டமும் அங்கே பிறந்தபோதே விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அன்று தென் மாகாணங்களில் அந்த வேலைகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். மத்திய தொழிற்சங்கச் சட்டம் இந்த இரு பிரிவாரையும் இன்றுவரை சேர்த்துக் கொள்ளவில்லை. அந்தப் பழைய கதவுக்கு வெளியேதான் இன்று லத்தீன் தாய் நிற்கிறாள்.

மருந்து தெரிந்தது, பிடுங்கினார்கள்

"பணம் கொடுத்தால் வறுமை தீராது, சோம்பேறித்தனம்தான் வளரும்" என்பது முதலாளிகளின் பழைய பாட்டு. 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை, ஆறு மாதம், பிள்ளைகளுக்காக மாதப்பணம் கொடுக்கப்பட்டது. 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 300 டாலர், அதற்கு மேல் 250 டாலர். மற்ற உதவிகளும் சேர்ந்தன. என்ன நடந்தது? அரசாங்கத்தின் விரிவான கணக்குப்படியே, குழந்தைகளின் வறுமை 5.2 சதவீதமாகத் தாழ்ந்தது. பிறகு உதவியை நிறுத்தினார்கள். 2022-ல் அது 12.4 சதவீதமாக ஏறியது. ஒரே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல்!

இந்தப் பணத்தால் ஏழைப் பெற்றோரின் மனச்சோர்வு குறைந்தது என்று கண்ட ஆய்வும் உண்டு. மாறுதல் இல்லை என்று சொன்ன ஆய்வும் உண்டு. பின்னதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களைக் கேட்கிறோம்: வருஷக்கணக்கில் ஏறிய கடனும் பயமும் ஆறு மாதப் பணத்தில் பறந்துவிடுமா? அடுத்த மாதம் நிற்கப் போகும் உதவியை நம்பி எவள் நிம்மதியாகத் தூங்குவாள்?

மாதப்பணத்தைத் தொடரக் கஜானாவில் காசில்லையாம்! போர்ப்ஸ் பத்திரிகையின் கணக்கில், அமேசான் முதலாளி பெசோஸின் சொத்து 2020-ல் 11,300 கோடி டாலர். அடுத்த ஆண்டுப் பட்டியலில் 17,700 கோடி டாலர். மூச்சுப் பயிற்சி செய்தா இவ்வளவு சேர்த்தார்?

நாம் வைத்தியருக்கு விரோதிகள் அல்ல. மனம் நொந்தவளுக்கு வைத்தியம் வேண்டும். அவள் தாய்மொழியான ஸ்பானிஷில் பேசும் டாக்டர் வேண்டும். காசில்லாமல், குடியுரிமைச் சீட்டுக் கேட்காமல் பார்க்கும் ஆஸ்பத்திரி வேண்டும். ஆனால் வீட்டை விட்டுத் துரத்தும் நோட்டீஸ் கதவில் ஒட்டியிருக்க, உள்ளே மாத்திரை கொடுத்து என்ன பயன்? கூலியைக் குறைத்தவனே வந்து மனத்திடம் போதிப்பது வைத்தியமல்ல, ஏமாற்று.

வழி எது? நியூயார்க்கில் நிவாரணம் மறுக்கப்பட்ட தொழிலாளிகள் காட்டினார்கள். வீட்டு வேலை செய்பவர்களும், துப்புரவு செய்பவர்களும், தெரு வியாபாரிகளும் ஒன்று திரண்டார்கள். 2021-ல் 23 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மாகாண சர்க்கார் 210 கோடி டாலர் நிதி ஒதுக்கியது. ஆளுக்கு 15,600 டாலர் வரை கிடைத்தது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெற்றார்கள். தேவைக்கு அது போதவில்லை, நிதி விரைவில் தீர்ந்தது. ஆயினும் சட்டம் "இல்லை" என்று சொன்ன இடத்தில், சங்கம் "உண்டு" என்று சொல்ல வைத்தது.

ஷிப்டு முடிந்து வந்தும் கடன்காரனை நினைத்துத் தூக்கம் கெட்டுப் புரளும் ஆலைத் தொழிலாளிக்கும், அறுப்பு முடிந்தால் அடுப்பு எரியுமா என்று ஏங்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இந்த நோயை விளக்க வேண்டியதில்லை. பசித்தவளிடம் பொறுமை போதிக்க யார் வந்தாலும் முதலில் கேளுங்கள்: கூலி என்ன? வாடகை என்ன? வேலை நேரத்தில் பிள்ளையைப் பார்ப்பது யார்? நோயில் விழுந்தால் சம்பளம் உண்டா?

இந்த நான்குக்கும் பதில் சொல்லட்டும். பிறகு மூச்சுப் பயிற்சியைப் பற்றிப் பேசலாம்!